பொன்முகலியின் வழியே

திருப்பதிக்குச் செல்லும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர், வேங்கட மலையின்மீது வைத்த கண்ணை வாங்காமலே செல்வதால், அம்மலையின் அடிவாரத்தை ஒட்டி ஒரு நதி கிழக்கு நோக்கிப் போகிறது என்பதையும், தாங்கள் ஏறி வந்த வண்டி அந்த நதியின் பாலத்தின்மேல்தான் வந்தது என்பதையும் அறியாமலே அதைக் கடந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வருஷத்தில் பெரும் பகுதி அந்தப் பாலத்தின் கீழே தண்ணீர் இருப்பதில்லை; அகன்ற மணற்பரப்பும், அதில் ஆங்காங்கே நாணற் புதர்களும், கோடையிலானால் வேலிக்காத்தானும் மட்டுமே தென்படும். இன்று எல்லோரும் சுவர்ணமுகி என்று வழங்கும் இந்த ஆறுதான் நம் முன்னோர் பொன்முகலி என்று போற்றிய ஆறு. சுமார் 130 கிலோமீட்டர் நீளமும், ஏறத்தாழ 3,225 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பும் உடையது. பாகாலாவை அடுத்த குன்றுகளில் தோன்றி, சந்திரகிரி, திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை, வாகாடு ஆகிய ஊர்களின் வழியே சென்று வங்கக் கடலில் கலக்கிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது, அதுவரை சித்தூர், நெல்லூர் என்ற இரண்டு மாவட்டங்களிலே பிரிந்து கிடந்த இந்த நதியின் வழி, ஒரே மாவட்டத்துக்குள் வந்தது.

பெரியபுராணத்தைப் பாராயணம் செய்யும் வீட்டிலே பிறந்தவனுக்கு இந்த நதியின் பெயர் வயது வந்த பின் கற்ற பூகோளச் செய்தியாக இருக்க முடியாது. காட்டுப் பன்றியைத் துரத்திக்கொண்டு வந்த வேடர் மகன் திண்ணன், நாணன், காடன் என்ற இரு தோழர்களோடு ஒரு நதிக்கரையை அடைகிறான். எதிரே காளத்தி மலை, அதாவது இன்றைய காளஹஸ்தி மலை, தெரிகிறது. அங்கே குடுமித் தேவர் இருக்கிறார் என்று நாணன் சொல்லுகிறான். காடனை ஆற்றங்கரையிலே தீ மூட்டச் சொல்லிவிட்டுத் திண்ணன் மலையேறுகிறான். பிறகு, ஒரு கையிலே வில்லும் மற்றொரு கையிலே இறைச்சியும் இருப்பதனால், சுவாமிக்குத் திருமஞ்சன நீரை வாயிலே முகந்துகொண்டு போகிறான். அந்த நீர் பொன்முகலி நீர். ஒரு வாய் நீருக்காகவே தமிழ் நாட்டார் ஆயிரம் வருஷ காலமாக நினைவில் வைத்திருக்கும் நதி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதை உற்பத்தி ஸ்தானத்திலிருந்து கடல் வரையில் ஒரு தடவையேனும் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் எனக்கு நெடுங்காலமாக இருந்து வந்தது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆற்றில் இன்னும் சிறிது நீரோட்டம் எஞ்சியிருக்கும் மார்கழி மாதத்திலே அந்த யாத்திரை கைகூடியது.

காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகப் பாகாலாவுக்குச் செல்லும் ரயில் பாதை, அங்கிருந்து கிழக்கே திரும்பித் திருப்பதி, ரேணிகுண்டா, காளஹஸ்தி என்று செல்லுகிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால், பாகாலாவிலிருந்து காளஹஸ்தி வரையில் இந்த ரயில் பாதையும் பொன்முகலியும் ஏறக்குறைய ஒரே பள்ளத்தாக்கிலே இணைந்து செல்வது தெரியும். பாதை போட வந்த எஞ்சினீயர்களுக்கு முன்பே, மலைக்கும் மலைக்கும் நடுவே சமமான வழி எது என்பதை ஆறு கண்டுபிடித்து வைத்திருந்தது. ஆகவே இந்த நதியைப் பின்தொடர விரும்புவோருக்கு ஜன்னலோர இடம் ஒன்று கிடைத்தாலே பாதி யாத்திரை நிறைவேறிய மாதிரிதான்.

பாகாலாவில் என்னை எதிர்கொண்டவர் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர். வீட்டிலே தமிழும் வீதியிலே தெலுங்குமாக வாழ்கிறவர். "ஐயா, கங்கோத்திரி மாதிரி இங்கே ஏதோ இருக்கும்னு நெனச்சு வந்திருந்தா ஏமாந்துடுவீங்க. ஓடைங்கதான் இருக்கு, வாங்க, காட்டறேன்" என்று முன்னறிவிப்புச் செய்துவிட்டே அழைத்துப் போனார். மாந்தோப்புகளையும் நிலக்கடலைக் கொல்லைகளையும் தாண்டிச் சென்றால், பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கிடக்கும் குன்றுகள் வருகின்றன. பாறையின் இடுக்குகளில் கசியும் நீர் ஒரு சாண் அகலமுள்ள வாய்க்காலாகக் கூடி, மற்றொரு வாய்க்காலோடு சேர்ந்து, ஓர் ஏரிக்குள் புகுந்து, அதன் கலங்கல் வழியே வெளிவந்து, பின்னும் ஓர் ஏரிக்குச் செல்கிறது. நதி எங்கே தொடங்குகிறது என்று விரலை நீட்டிக் காட்டும் கர்வம் அந்த உபாத்தியாயருக்கு இல்லை. எனக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. ஓடையின் அடியிலே கையை விட்டு ஒரு பிடி மணலை எடுத்தேன். பருமணல். சாம்பல் நிறமான படிகத் துண்டுகளும், இளஞ்சிவப்பான மணிகளும், இவற்றின் நடுவே வெயில் பட்டவுடன் பளிச்சென்று மின்னும் அப்பிரகத் துகள்களும் இருந்தன. அந்தக் கருங்கற் பாறைகள் வெயிலிலும் மழையிலும் யுகக்கணக்காக உதிர்ந்து கொட்டிய மணல் அது. இந்த நதியின் சரித்திரத்தையும் அதன் இன்றைய துயரத்தையும் புரிந்துகொள்வதற்கு அந்த ஒரு பிடி மணலே திறவுகோல் என்பது அப்போது எனக்கு முழுமையாகத் தெரியாது; வழி நெடுக ஒவ்வோர் ஊரிலும் அதைத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆறு முதலில் சந்திக்கும் பெரிய ஊர் சந்திரகிரி. ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றின் தென்புறத்திலே கோட்டை மதிலும், அதற்குள்ளே ராஜ மஹால், ராணி மஹால் என்ற இரு மாளிகைகளும் இருக்கின்றன. தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின் பெனுகொண்டாவுக்குச் சென்ற ராயர்கள், பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே தலைநகரை மாற்றிக்கொண்டார்கள். ராஜ மஹால் இப்போது தொல்லியல் துறையின் காட்சிசாலையாக விளங்குகிறது. மூன்று நிலைகளாக எழும்பி, கூம்பிய விமானங்களைத் தலையிலே தாங்கி நிற்கும் அந்த மாளிகையின் மேல் தளத்திலிருந்து பார்க்கும்போது, ராயர்கள் ஏன் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்குகிறது: ஒரு புறம் ஏற முடியாத பாறை, மறு புறம் நெல் விளையும் ஆற்றுப் படுகை, வடக்கே கூப்பிடு தூரத்திலே குலதெய்வத்தின் மலை. ஒரு சாம்ராஜ்யத்தின் அந்திமக் காலத்துக்கு இதைவிடத் தகுந்த ஆசிரயம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

சந்திரகிரியைத் தாண்டித் தொண்டவாடா என்ற கிராமத்துக்கு அருகில் கல்யாணி, பீமா என்ற இரு சிற்றாறுகள் சுவர்ணமுகியோடு கூடுகின்றன. திரிவேணியாகிய அவ்விடத்திலே அகஸ்தீசுவரர் ஆலயம் ஒன்று இருக்கிறது. முக்கோடி என்று அதை அழைக்கிறார்கள். பத்மாவதியை மணம் புரிந்த சீனிவாசப் பெருமாள், மலையேறுவதற்கு முன் ஆறு மாத காலம் அகஸ்தியரின் ஆசிரமத்தில் தங்கினார் என்பது ஸ்தலபுராணம். பக்கத்திலுள்ள ஸ்ரீநிவாச மங்காபுரத்துக் கல்யாண வேங்கடேசுவரரைப் புதுமணத் தம்பதிகள் தேடி வருவதும் அதனாலேதான். நதியை இப்பூமிக்கு வரவழைத்தவரும் அகஸ்தியரே என்று சொல்லுகிறார்கள். பொதிகையிலும் குடகிலும் நாம் காணும் அந்த முனிவரை இங்கேயும் ஒரு நதியின் தந்தையாகக் காண்பதில் ஆச்சரியம் இல்லை. தமிழர் எங்கே நதியைக் கண்டார்களோ அங்கே அகஸ்தியரையும் கண்டார்கள்.

கல்யாணியின் நீர் இப்போது அநேகமாகச் சங்கமத்துக்கு வருவதில்லை. சேஷாசலக் காட்டிலிருந்து வரும் அந்த ஆற்றின் குறுக்கே 1977இல் கட்டிய அணை, திருப்பதி நகரத்துக்கும் மேலே திருமலைக்கும் குடிநீர் தருகிறது. நாள்தோறும் பல்லாயிரக் கணக்கான யாத்திரிகர்கள் வந்து குளித்துச் செல்லும் ஓர் ஊருக்கு அது தேவைதான். அதை மறுப்பவன் அல்ல நான். ஆயினும் அணையிலே தேங்கிய நீர் நகரத்துக்குள் சென்று, பயன்பட்டு, அழுக்காகி, கால்வாய்களின் வழியே திருச்சானூருக்குத் தெற்கே அதே நதிக்குள் திரும்பி வருவதைப் பார்க்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. மார்கழி மாதத்திலே, மேலே முக்கோடியில் பளிங்காக ஓடிய நீர், சில மைல் தூரத்துக்குள் கரும்பச்சையாகி, ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை அடர்ந்து, துர்நாற்றம் வீசுகிறது. கபிலதீர்த்தத்திலே மலையிலிருந்து விழும் அருவியைக் கைகூப்பி வணங்கும் நாம், அந்த அருவியின் நீர் கடைசியில் எந்த ஆற்றிலே போய்ச் சேருகிறதோ அந்த ஆற்றைச் சாக்கடையாக்குவது எந்தச் சாஸ்திரத்தில் விதித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

திருப்பதி மலையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மலைப் பாதையில் ஓரிடத்திலே, அடியிலுள்ள பழைய கருங்கல்லும் அதன்மேல் படுக்கை படுக்கையாகப் படிந்த மணற்கல் இனமும் சந்திக்கும் கோடு வெளிப்படையாகத் தெரிகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பாறைக்கும் மேலே இருக்கும் பாறைக்கும் இடையே பல கோடி ஆண்டுகள் விடுபட்டுப்போயின என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுகிறார்கள். அதைத் தேசியப் பூகர்ப்பச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள். வடபுறத்து மலையிலிருந்து வரும் ஓடைகள் அந்த மேற்கல்லின் மணலையும், தென்மேற்கிலிருந்து வரும் ஓடைகள் கீழ்க்கல்லின் மணலையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வகுத்திருக்க, அந்த எல்லையின் காலடியிலேயே இந்த ஆறு ஓடுகிறது. 1911இல் சித்தூர் ஜில்லாவை அமைத்தபோதும், 1953இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோதும், ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960இல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோதும், எல்லைக் கோடுகள் நகர்ந்தன. ஆற்றங்கரைக் கோயில்களின் சுவரிலே செதுக்கிய தமிழ்ச் சாசனங்கள் நகரவில்லை. திருச்சானூரை அடுத்த யோகிமல்லவரத்திலே பராசரேசுவரர் கோயில் சுவரில் சோழர் காலத் தமிழெழுத்தைக் கண்டு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது, கோயில் அர்ச்சகர் அருகில் வந்து நின்று, நான் படிக்கப் படிக்கத் தெலுங்கிலே அர்த்தம் கேட்டார். நில தானமும் விளக்குத் தானமும்தான். இரு மொழிக்காரர்களுக்கும் அதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

ரேணிகுண்டாவைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிந்துவிடுகிறது. ஏர்ப்பேட்டுக்கு அருகே ஆற்றோரமாக இருக்கும் பாப்பாநாயுடுபேட்டையில் ஒரு பழந்தொழிலைக் கண்டேன். கண்ணாடியை உலையில் உருக்கி, உள்ளே துளை விழும்படி நீண்ட குழாய்களாக இழுத்து, அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி மணி செய்கிறார்கள். உலையின் வாயிலிருந்து இழுக்கும் அந்தக் குழாய் கண்ணுக்கு முன்னே மெலிந்து மெலிந்து நூலாகிக்கொண்டே போகிறது. இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் அரிக்கமேட்டிலே இதே முறையில்தான் மணி செய்து கீழ்த்திசை நாடுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். அரிக்கமேடு மண்மேடாகிவிட்டது, அதன் வித்தை மட்டும் இந்த ஆற்றங்கரையிலே உயிரோடிருக்கிறது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் குடிமல்லம். இந்த யாத்திரையில் வேறு எல்லாவற்றையும் விட்டுவிட நேர்ந்தாலும் குடிமல்லத்தை விட்டிருக்க மாட்டேன். வயல்களின் நடுவே தூங்கானைமாட வடிவில் அமைந்த ஒரு சிறிய கோயில்; பரசுராமேசுவரர் என்பது சுவாமியின் திருநாமம். கருவறையின் தரை, முன் மண்டபத் தரையைவிடத் தாழ்ந்து ஒரு பள்ளமாக இருக்கிறது. அந்தப் பள்ளத்திலே சுமார் ஐந்தடி உயரமுள்ள, மெருகேறிய பழுப்பு நிற லிங்கம். அதன் முகப்பிலே, இரண்டே கரங்களோடு நிற்கும் சிவபிரான். வலக் கையிலே ஓர் ஆட்டைப் பின்னங்கால்களால் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார். இடக் கையிலே ஒரு சிறிய குடம். இடத் தோளின்மேல் பரசு சாய்ந்திருக்கிறது. இடையிலே சுற்றிய ஆடையின் மடிப்புகள் மெல்லியவை. மார்பிலே பூணூல் இல்லை. காலின் கீழே ஒரு குள்ள உருவம் இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றிக்கொண்டு, தோளில் நிற்பவரின் பாரத்தை முகம் சுளிக்காமல், சற்றே புன்னகையோடு தாங்குகிறது. கிறிஸ்துவுக்கு முந்திய இரண்டாம் அல்லது முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது இந்த லிங்கம் என்று பலரும், அதற்குப் பிந்தியது என்று சிலரும் கருதுகிறார்கள். இன்றளவும் பூஜையிலுள்ள லிங்கங்களில் இதைவிடப் பழமையானதைச் சுட்டிக்காட்டுவது கடினம். டி. ஏ. கோபிநாத ராவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து எழுதிய பிறகே உலகம் இதை அறிந்தது. கையிலே ஆட்டோடு நிற்கும் அந்த வேட்டுவக் கோலத்தைக் கண்டபோது, இதே ஆற்றின் கரையிலே சில மைல்களுக்கு அப்பால் இறைச்சியோடு வந்த வேடனை ஆண்டவர் ஏற்றுக்கொண்டதிலே என்ன வியப்பு என்று என் மனம் கேட்டுக்கொண்டது.

அந்தக் கருவறைப் பள்ளத்தைப் பற்றி ஊரார் ஒரு செய்தி சொல்லுகிறார்கள். பல்லாண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தின் அடியிலிருந்து நீர் ஊறி வந்து லிங்கத்தை முழுக்காட்டிவிட்டுத் தானே வடிந்துவிடுமாம். 2005 டிசம்பரிலே அவ்வாறு நிகழ்ந்ததாம். அற்புதம் என்று அவர்கள் வணங்குகிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. பெருமழைக் காலத்திலே ஆற்று மணலின் அடியில் ஓடும் நீர் இருபுறமும் நெடுந்தூரம் பரவி மேலே எழும் என்பதும் அதே அற்புதத்தின் மற்றொரு பெயர்தான். இந்த நதியின் உண்மையான பிரவாகம் மணலுக்கு மேலே நடப்பது கொஞ்சம். மணலுக்குக் கீழே நடப்பதே பெரும்பகுதி. பாலாறு முதலிய வட ஆற்காட்டு ஆறுகளிலெல்லாம் நம் முன்னோர் இதை அறிந்து, வறண்ட ஆற்றின் மணலிலே நீண்ட ஊற்றுக்கால்களைத் தோண்டி, அடியில் ஊறும் நீரை வயலுக்கும் ஏரிக்கும் கொண்டு போனார்கள். கோடையிலும் கரையோரக் கிணறுகள் வற்றாமல் இருந்த ரகசியம் இருபதடி, முப்பதடி ஆழமுள்ள அந்தப் பருமணல்தான். பெய்த மழையை அது வாங்கி, வெயில் படாமல் அடைகாத்து, மெல்ல மெல்லக் கொடுத்தது.

அந்த மணல்தான் இப்போது லாரிகளில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. ஏர்ப்பேட்டிலிருந்து காளஹஸ்தி போகும் வழியிலே ஆற்றுக்குள் இறங்கி நடந்தேன். ஆள் உயரத்துக்கும் மேலாகத் தோண்டிய குழிகள். சில இடங்களில் மணல் முழுதும் போய், கீழே இருக்கும் களிமண் வெடித்துக் கிடக்கிறது. கரையில் ஒரு விவசாயி தம் கிணற்றைக் காட்டினார். அதன் சுவரிலே, பழைய நீர்மட்டத்தின் வெள்ளைக் கோடு கைக்கெட்டும் உயரத்திலும், இப்போதைய தண்ணீர் எட்டிப் பார்த்தாலும் தெரியாத ஆழத்திலும் இருந்தன. 2021 நவம்பரிலே பெருமழை கொட்டி, இந்த நதி கரைபுரண்டு, பாலங்களையும் சாலைகளையும் உடைத்துக்கொண்டு போயிற்று. திருப்பதி நகரமே நீரில் நின்றது. ராயல செருவு என்னும் பழைய ஏரி உடைந்துவிடுமோ என்று சுற்றுவட்டாரத்துக் கிராமங்கள் நடுங்கின. அத்தனை வெள்ளமும் சில நாட்களிலே கடலுக்குப் போய்விட்டது. பிடித்து வைக்க மணல் இருந்திருந்தால் எவ்வளவோ தங்கியிருக்கும்.

காளஹஸ்தியை அடைவதற்கு முன், தொண்டமாநாட்டுக்குப் போகவேண்டும். சோழ வம்சத்தை மறுபடி பேரரசாக்கிய முதலாம் ஆதித்தன், சுமார் 907இல் இந்த இடத்தில்தான் காலமானான். தொண்டைமான் ஆற்றூர்த் துஞ்சின உடையார் என்றே சாசனங்கள் அவனைக் குறிக்கின்றன. அவன் மகன் பராந்தகன் அவ்விடத்திலே எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், கோதண்டராமேசுவரம் என்றும் ஆதித்தேசுவரம் என்றும் பெயர் பெற்று இன்றும் இருக்கிறது. சஹ்ய மலையிலிருந்து சமுத்திரம் வரையில் காவேரியின் இரு கரையிலும் சிவாலயங்களைக் கல்லால் கட்டியவன் ஆதித்தன் என்று அன்பில் செப்பேடுகள் புகழ்கின்றன. ஒரு நதியை முழுதும் கோயிலாக்கியவன், தன் நாட்டின் வடகோடியில், வேறொரு நதிக்கு அண்மையில் கண்மூடினான். கோயில் சிறியது; வந்து போவோர் மிகச் சிலர். நான் அங்கே இருந்த முற்பகல் முழுதும் வேறு எவரும் வரவில்லை.

காளஹஸ்தியிலே ஆறு தன் இயல்பை மாற்றிக்கொண்டு வடக்கு நோக்கித் திரும்பி, கோயிலின் மேற்கு மதிலை ஒட்டிச் செல்கிறது. உத்தரவாகினி என்று அதற்கு விசேஷமான புண்ணியம் சொல்வார்கள். வாயுலிங்கத்தின் சந்நிதியிலே, காற்று நுழைய வழியில்லாத கர்ப்பக்கிருகத்தில் ஒரு தீபம் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கிறது. ஞானசம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலம். நக்கீரர் பெயரால் வழங்கும் அந்தாதி கயிலையைப் பாதியும் காளத்தியைப் பாதியுமாகப் பாடுகிறது. இதற்கு வடக்கே போகாமல், சம்பந்தர் இங்கிருந்தபடியே கேதாரத்தையும் கோகர்ணத்தையும் பாடினார் என்று சேக்கிழார் கூறுகிறார். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ராஜகோபுரம், 2010 மே 26ஆம் தேதி இரவு இடிந்து விழுந்தது. அதே இடத்தில் எழுந்த புதிய கோபுரத்துக்கு 2017இல் கும்பாபிஷேகம் நடந்தது. இந்தக் கோயிலின் திருப்பணியைப் பற்றிய ஐதிகம் ஒன்றுண்டு. வேலை செய்தோருக்கு அன்றாடக் கூலியாக ஆற்று மணலை அள்ளிக் கொடுப்பார்களாம். அவரவர் உழைத்த அளவுக்கு அது பொன்னாக மாறுமாம். உழைக்காதவன் கையில் மணலாகவே நிற்குமாம். பாகாலாவில் நான் கையில் எடுத்த மணலின் மினுமினுப்பைக் கண்ட எவனோ ஒருவனுடைய கற்பனையாகவும் இது இருக்கலாம். ஆனால், மணலைப் பொன்னென்று மதித்து, உழைப்பின்றி அதைத் தொடலாகாது என்று சொல்லிவைத்தவர்கள் ஆற்றை அறிந்தவர்கள்.

உழைப்பு என்னும்போது, காளஹஸ்தியின் கலம்காரிச் சித்திரக்காரர்களை நினைக்காமல் இருக்க முடியாது. நான் உட்கார்ந்து பார்த்த வீட்டிலே, துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தியிருந்தார்கள். பாலிலுள்ள கொழுப்பு, மையைப் படரவிடாமல் தடுக்கிறது. புளியங்குச்சிக் கரியால் முதலில் உருவத்தை வரைந்துகொண்டு, பிறகு மூங்கிற் கோலின் நுனியிலே கம்பளி நூலைச் சுற்றி, அதை மையிலே தோய்த்து எழுதுகிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்து நாட்கணக்கில் புளிக்க வைத்த அந்த மை, பானையில் இருக்கும்போது வெறும் பழுப்புத் தண்ணீர். கடுக்காய் ஏறிய துணியைத் தொட்ட கணத்திலே கறுத்துவிடுகிறது. சித்திரக்காரர் நெஞ்சுக்கு நேரே கோலைப் பிடித்து, விரலால் கம்பளியை மெல்ல அழுத்த அழுத்த, ராமனுடைய வில்லின் வளைவு ஒரே இழுப்பிலே உருவாயிற்று. படிகாரம் பூசிய இடங்கள் பின்னர்ச் சாயவேரோடு கொதிக்கும்போது சிவக்கும். ஒவ்வொரு சாயத்துக்கும் நடுவே துணியை ஓடும் நீரில் அலசவேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கழிந்த சாயம் மறுபடி துணியிலே ஒட்டிக்கொள்ளும். இந்தத் தொழில் இந்த ஊரிலே வேரூன்றியதற்கு ஆற்றின் ஓட்டமே காரணம். நலிந்துபோயிருந்த இக்கலைக்குக் கமலாதேவி சட்டோபாத்யாயர் முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் இங்கே பயிற்சிக்கூடம் ஏற்பட்டு மறுவாழ்வு கிடைத்தது. "எங்க தாத்தா காலத்துல சித்திரை மாசத்துலகூட ஆத்துல நின்னு அலசினாங்க சாமி. இப்ப தைக்கு மேல போர்த் தண்ணிதான்" என்றார் அவர். கலைக்குப் புத்துயிர் தரலாம். அதற்கு நீர் தந்த ஆற்றுக்குத் தருவது யார்?

காளஹஸ்திப் பகுதியிலே கண்டலேற்றிலிருந்து பூண்டிக்குச் செல்லும் தெலுங்கு கங்கைக் கால்வாய் இந்த நதியைக் குறுக்கே கடந்து தெற்கே போகிறது. எம். ஜி. ராமச்சந்திரனும் என். டி. ராமராவும் முதலமைச்சர்களாக இருந்தபோது 1983இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக, கிருஷ்ணா நதியின் நீர் இந்தக் கால்வாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே போகும் வறண்ட இயற்கை நதியும், வடக்கிலிருந்து தெற்கே போகும் நீர் நிறைந்த செயற்கை நதியும் சந்தித்தும் கலக்காமல் பிரிகின்றன.

அதன் பிறகு ஆறு அவசரமில்லாமல் தாழ்ந்த சமவெளியில் பரவிச் செல்கிறது. நாயுடுபேட்டையில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போகும் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அதைக் கடக்கின்றன. வாகாட்டிலே குறுக்கே ஒரு தடுப்பணை கட்டி, கடைசி நீரையும் வயல்களுக்குத் திருப்புகிறார்கள். அதற்குக் கீழே உப்பு மணக்கத் தொடங்குகிறது. பனையும் சவுக்கும் தாழையுமாக நிலம் மாறிவிடுகிறது.

முகத்துவாரத்திலே கடல் ஒரு மணல் திட்டைப் போட்டு ஆற்றின் வாயை ஏறத்தாழ அடைத்திருந்தது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பட்டப்பு இன மீனவர் ஒருவர், நான் தெலுங்கிலே தடுமாறுவதைக் கேட்டுவிட்டு, தம் வீட்டுத் தமிழிலே பேசத் தொடங்கினார். நெல்லூர்க் கடற்கரை நெடுக இவர்களுடைய குப்பங்களிலே தமிழ் வாழ்ந்துகொண்டிருக்கிறது. ஆற்று வெள்ளம் வந்து திட்டை உடைத்தால்தான் இறால் உள்ளே ஏறும் என்றும், வெள்ளம் இல்லாத வருஷங்களிலே தாங்களே மண்வெட்டி எடுத்து வாய் வெட்டிவிடுவது உண்டு என்றும் அவர் விளக்கினார். மேலேயிருந்து மணல் வருவது குறைந்தால் கடல் கரையை அரிக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. தம் பாட்டன் காலத்துக் கரை இருந்த இடத்தை அலைக்கு நடுவே காட்டினார்.

அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் துர்க்கராஜபட்டினம். ஆங்கிலேயர் 1626இல் இங்கே பண்டகசாலை ஏற்படுத்தி, தங்களுக்கு உதவிய ஆறுமுக முதலியாரின் பெயரால் ஆர்மகான் என்று அழைத்து, பீரங்கிகளும் நிறுத்தினார்கள். அந்த ஆர்மகானுக்குத் தலைவராக இருந்த பிரான்சிஸ் டே, நல்ல துணி கிடைக்கும் வேறிடம் தேடித் தெற்கே சென்று, 1639 ஆகஸ்ட் 22ஆம் தேதி, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து மதராஸ்பட்டினத்துக்குச் சாசனம் பெற்றார். அந்த நாயக்கருக்கு மேலே இருந்தவர்கள், இந்த நதியின் தலைப்பிலே சந்திரகிரியை ஆண்ட ராயர்கள். கொடுத்தவர்களின் அரண்மனை பொன்முகலியின் மேல் முனையிலும், வாங்கியவர்களின் கிட்டங்கி அதன் கீழ் முனையிலுமாக இருந்திருக்கின்றன. சென்னைப் பட்டினத்தின் பிறப்புக்கு வித்திட்ட இரு இடங்களையும் தன் இரு கோடிகளிலே வைத்திருக்கும் இந்த நதியைச் சென்னைவாசிகளில் எத்தனை பேர் பெயரளவிலாவது அறிவோம் என்று யோசித்தபடியே கடற்கரையில் நடந்தேன். ஆர்மகானின் கோட்டையிலிருந்து இப்போது பார்க்கத்தக்கதாக ஒன்றும் நிற்கவில்லை. அந்த மீனவர் மட்டும், வெள்ளைக்காரன் கப்பல் நின்ற இடம் என்று தம் பெரியவர்கள் சொல்லக் கேட்டதாக ஒரு திசையைக் காட்டிவிட்டு, மறுபடி வலையைப் பிரிக்க உட்கார்ந்துகொண்டார்.